பின்னங்கால் பின்னுகிற நாய்: கோளாறு நரம்பில் எங்கே?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டது இது. வீட்டில் ஐந்து வயது டாஷ்ஹவுண்ட் கலப்பு நாய். செற்றியிலிருந்து குதித்த அன்று கத்தியது. மூன்று நாளாகப் பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னுகின்றன. முதுகைக் கூனிக்கொண்டு நடக்கிறது, தூக்கினால் அலறுகிறது, ஆனால் சாப்பிடுகிறது, வாலாட்டுகிறது. பார்மசியில் பி விட்டமின் குளிசை கொடுத்திருக்கிறார்கள். அம்மம்மா தினமும் எண்ணெய் சூடாக்கி முதுகை உருவி விடுகிறார். "நரம்புத் தளர்ச்சிதானே, மாறிவிடுமா? போன மாதம் பக்கத்து வீட்டுக் குட்டி இழுத்து இழுத்துச் செத்தது. அதுதான் இதற்கும் தொற்றியிருக்குமோ?"

செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன் தங்கச்சி, விளக்கம் பிறகு. அம்மம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி உருவுவதை இன்றோடு நிறுத்துங்கள். நாயை ஒரு கூட்டில் விடுங்கள், அல்லது கதிரைகளைச் சாய்த்து ஒரு மூலையை மறித்துவிடுங்கள். எழும்பித் திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும். ஓடவும் பாயவும் இடம் இருக்கக்கூடாது. மலசலத்துக்கு மட்டும் தூக்கிக்கொண்டு போங்கள். ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மறு கை பின்பக்கத்துக்குக் கீழே, முதுகு வளையாமல். வீட்டிலிருக்கும் நோ மாத்திரை எதையும் கொடுக்க வேண்டாம். இபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பனடோலும் அளவு தப்பினால் ஈரலைப் பிடிக்கும். எதையாவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த மாத்திரைகளின் மேல் ஸ்டீராய்ட் ஊசி போட்டால் குடலில் ஓட்டையே விழலாம். நாளைக்கே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

பி விட்டமின் கெடுதல் இல்லை. ஆனால் உங்கள் நாய்க்கு இருப்பதாக நான் சந்தேகிக்கிற கோளாறை அது தொடவும் தொடாது. நரம்பு என்று சொல்லி வரும் நாயில் வைத்தியர் முதலில் தேடுவது இடத்தைத்தான். நோயின் பெயர் அதற்குப் பிறகுதான் வரும். மூளையா, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பா, முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாணா, முண்ணாணை விட்டு வெளியே வந்த நரம்பா, அந்த நரம்பு தசையைத் தொடும் முனையா? ஒரே மாதிரித் தள்ளாடுகிற இரண்டு நாய்களில் ஒன்றுக்கு இந்த இடம், மற்றதுக்கு வேறு இடம். மருந்தும் அப்படியே மாறும்.

இடத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் இல்லாமலே பாதித் தூரம் போகலாம். நாயின் முன்னங்கால்களுக்கான நரம்புகள் கழுத்து முடிந்து நெஞ்சு தொடங்கும் இடத்தில் முண்ணாணை விட்டு வெளியேறுகின்றன. பின்னங்கால்களுக்கானவை இடுப்புப் பகுதியில். உங்கள் நாய் உங்களை அடையாளம் காண்கிறது, சாப்பிடுகிறது, முன்னங்கால்கள் சரியாக வேலை செய்கின்றன. அப்படியென்றால் மூளையும் கழுத்தும் நன்றாக இருக்கின்றன, கோளாறு தோளுக்குப் பின்னால்தான். நாலு காலும் தளர்ந்திருந்தால் கழுத்தையோ, உடம்பு முழுவதையும் பிடிக்கிற நஞ்சையோ தேடவேண்டும். ஒரேயொரு கால் என்றால் அந்தக் காலுக்குப் போகும் நரம்பு.

வீட்டில் பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நாயை நிற்க வைத்து, வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, ஒரு பின்பாதத்தை மெதுவாகப் புரட்டி மேற்பக்கம் தரையில் படும்படி வையுங்கள். நரம்பு சரியாக இருக்கும் நாய் உடனே பாதத்தைத் திருப்பி ஊன்றிவிடும். முண்ணாணில் கோளாறு இருந்தால் பாதம் புரண்டபடியே கிடக்கும், நாய்க்கு அது தெரியவே தெரியாது. பின்கால் நகங்களின் மேற்பக்கம் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இடுப்பு மூட்டுக் கெட்ட நாயும் பின்பக்கத்தை ஆட்டித்தான் நடக்கும், ஆனால் பாதத்தைச் சரியாக ஊன்றும். நரம்பு நரம்பு என்று கொண்டுவரப்படும் லாப்ரடோர், ஜேர்மன் ஷெப்பர்ட் நாய்களில் எத்தனையோ கடைசியில் இடுப்பு மூட்டுத் தேய்மானமாக முடிகின்றன. இன்னும் சில வெறும் உண்ணிக் காய்ச்சல். நம் ஊர் உண்ணிகள் பரப்பும் பபேசியா இரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். சோகை பிடித்த நாய் எழும்ப முடியாமல் கிடப்பதைப் பார்த்தால் கால் வழங்கவில்லை என்றுதான் தோன்றும். உதட்டை உயர்த்திப் பாருங்கள். முரசு வெளிறியிருந்தால் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இந்தச் சோதனையைச் செய்யப் போகிறவர்கள் எல்லோரும் ஒன்றை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த நாய்க்கு விசர்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா? இலங்கையில் எந்த நாயிலும் திடீரென்று வரும் நரம்பு அறிகுறிக்கு விசர்நோயைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். எல்லா விசர்நாயும் கடித்துக்கொண்டு ஓடுவதில்லை. ஊமை விசர் என்கிற வகையில் நாய் சோர்ந்து மூலையில் கிடக்கும், குரல் மாறும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வழியும், விழுங்க முடியாது. பார்க்கிறவர்கள் தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று நினைத்து வாய்க்குள் கை விடுவார்கள். அதைவிட ஆபத்தான வேலை கிடையாது. தாடை தொங்குவதற்குத் தாடை நரம்பின் அழற்சி என்று தானாகவே இரண்டு மூன்று கிழமையில் மாறுகிற, ஆளைக் கொல்லாத காரணமும் இருக்கிறது. ஆனாலும் நம் நாட்டில், தடுப்பூசி இல்லாத நாயின் தாடை தொங்கினால், அது விசர் என்றே நடத்துங்கள். கட்டிவையுங்கள், தொடாதீர்கள், மிருக வைத்தியருக்கும் பிஎச்ஐக்கும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லுங்கள். அறிகுறி தொடங்கிய விசர்நாய் பெரும்பாலும் 10 நாளுக்குள் செத்துவிடும். உயிரோடு இருக்கும்போது உறுதி செய்ய நம்பகமான வழி இல்லை. மூளையைத்தான் சோதிக்க வேண்டும். கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் அதைச் செய்கிறார்கள். கடியோ கீறலோ எச்சில் பட்ட காயமோ இருந்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே ஊசி இலவசம்.

உங்கள் நாய்க்கு ஊசி போட்ட அட்டை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சரி, அப்படியென்றால் முதுகுக்கு வருவோம்.

நீண்ட உடம்பு, குட்டைக் கால், ஐந்து வயது, பாய்ந்து இறங்கிய அன்று தொடங்கிய நோ, கூனிய முதுகு. பார்க்காமல் உறுதி சொல்லக்கூடாது, ஆனால் டிஸ்க் விலகல்தான் என் முதல் சந்தேகம். முள்ளென்புகளுக்கு இடையே இருக்கும் டிஸ்கின் நடுப்பகுதி மற்ற நாய்களில் வயது போகும்வரை மென்மையாக இருக்கும். டாஷ்ஹவுண்டில் முதல் வயதிலேயே காய்ந்து சுண்ணாம்பு போலாகத் தொடங்கிவிடும். குட்டைக் காலைக் கொடுக்கிற அதே எஃப்ஜிஎஃப்4 மரபணுவின் கூடுதல் நகல் ஒன்றுதான் டிஸ்கையும் கெடுக்கிறது என்று 2017 இல் கண்டுபிடித்தார்கள். அழகென்று சொல்லி நாம் வளர்க்கிற உருவத்துக்கு நாய் கொடுக்கும் விலை அது. ஐந்து டாஷ்ஹவுண்டில் ஒன்றுக்காவது வாழ்நாளில் இது வருகிறது. காய்ந்த டிஸ்க் ஒரு நாள் மேல்நோக்கி வெடித்து முண்ணாணை இடிக்கும். விலா எலும்புகள் முடிந்து இடுப்புத் தொடங்கும் இடத்தில்தான் அதிகம். பாய்ச்சல் ஒரு சாட்டுத்தான். டிஸ்க் பல மாதமாகக் கெட்டுக்கொண்டு வந்திருக்கும்.

முண்ணாண் நசுங்கும்போது எல்லாம் ஒரே நேரத்தில் போவதில்லை. காலின் நிலையை மூளைக்குச் சொல்லும் தடித்த நார்கள் முதலில் அடிபடும். அதனால்தான் முதலில் பாதம் புரள்கிறது, கால் பின்னுகிறது. அழுத்தம் கூடினால் காலை அசைக்கும் சக்தி போகும். பிறகு சிறுநீரை அடக்கும் கட்டுப்பாடு. எல்லாவற்றுக்கும் கடைசியில் போவது ஆழ்ந்த வலியை உணரும் மெல்லிய நார்கள். குணமாகும்போது இந்த வரிசை தலைகீழாகத் திரும்பும். உங்கள் நாய் இன்னும் தானாக நடக்கிற கட்டத்தில் இருக்கிறது. இந்தக் கட்டத்தில் கூட்டுக்குள் அடைத்து வைப்பதும் வைத்தியர் தரும் நோ மருந்தும் மட்டுமே பெரும்பாலான நாய்களுக்குப் போதும். ஆனால் அடைப்பு என்றால் உண்மையான அடைப்பு, குறைந்தது நாலு கிழமை. நோ மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் மூன்றாம் நாளே நாய்க்கு எல்லாம் மாறிவிட்டது போலத் தோன்றும், வீட்டுக்காரருக்கும் பாவமாக இருக்கும், திறந்து விடுவார்கள். அரைகுறையாக ஆறிய டிஸ்க் மறுபடி வெடிப்பது இந்தக் கிழமைகளில்தான். நோ மருந்து கொடுத்துவிட்டு ஓட விடுவதைவிட, மருந்தே கொடுக்காமல் அடைத்து வைப்பது மேல் என்பேன்.

கூட்டிலிருக்கும்போது காலையும் மாலையும் மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, பின்னங்காலைத் தானாக அசைக்கிறதா. இரண்டாவது சிறுநீர். இதில் பலர் ஏமாறுகிறார்கள். படுத்த இடத்தில் சொட்டுச் சொட்டாக நனைந்திருந்தால் "சலம் போகுது" என்று நிம்மதிப்படுவார்கள். உண்மையில் பை நிரம்பி வழிந்துகொண்டிருக்கலாம். அடிவயிற்றில் கை வைத்தால் கல் மாதிரித் தெரியும். அப்போது அமுக்கி வெளியேற்றும் முறையை வைத்தியரிடம் கைபிடித்துப் பழக வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது செய்ய வேண்டும். மூன்றாவது உணர்ச்சி. கால் அசைவே நின்றுவிட்டால் பின்கால் விரலை நகத்தோடு அழுத்திப் பாருங்கள். காலை இழுத்துக்கொள்வது மட்டும் உணர்ச்சி ஆகாது. அது முண்ணாணின் கீழ்ப்பகுதி மூளையைக் கேட்காமலே செய்கிற வேலை. பிரதான லைன் அறுந்த பிறகும் வீட்டு ஜெனரேட்டரில் விளக்கு எரிவது போல. நாய் திரும்பிப் பார்க்க வேண்டும், கத்த வேண்டும், கடிக்க வர வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கவே கூடாது.

நடக்க முடியாமல் போனாலோ, உணர்ச்சி போனாலோ, சத்திரசிகிச்சையைப் பற்றி அன்றைக்கே பேச வேண்டும். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், முண்ணாண் தெரியாது. அதைக் காட்ட எம்ஆர்ஐயோ சிடியோ மையூசி போட்டு எடுக்கும் எக்ஸ்ரேயோ வேண்டும். நாட்டில் மிருக வைத்தியம் படிப்பிக்கிற ஒரே பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில்தான். அதன் போதனா மருத்துவமனைக்கு ஹபரணை, தம்புள்ளை, கண்டி என்று போகவேண்டும்; வானில் கொண்டுபோனாலும் அரை நாள் பயணம். அதனால் உங்கள் வைத்தியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்: மோசமானால் எங்கே அனுப்புவீர்கள், அங்கே இப்போது என்ன செய்கிறார்கள், எவ்வளவு ஆகும்? அசைவு போயும் உணர்ச்சி இருக்கிற நாய்களில் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பத்தில் ஒன்பது நடக்கின்றன. உணர்ச்சியும் போன நாய்களில் அது ஏறக்குறையப் பாதியாகிவிடும். பணம் இல்லை என்றால் அதைச் சொல்லுவதில் வெட்கம் வேண்டாம். சில நாய்கள் அடைப்பிலும் கவனிப்பிலும் மட்டும் மாதக் கணக்கில் தேறி எழும்புகின்றன. நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்து, நனைந்த துவாயை மாற்றி, படுக்கைப்புண் வராமல் பார்க்க ஆள் இருந்தால் அதை முயன்று பார்க்கலாம். கவனிக்க ஆளில்லாத வீட்டில் அது நாய்க்குச் சித்திரவதை.

பின்னங்கால் தளர்வுக்கு வேறு காரணங்களும் உண்டு. விளையாட்டில் ஒரு கத்தல், உடனே ஒரு பக்கக் கால் விழுந்துவிட்டது, ஆனால் ஒரு நாளுக்குப் பிறகு நோவே இல்லை என்றால் முண்ணாணுக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு வந்திருக்கலாம். அது மோசமாகிக்கொண்டு போவதில்லை, பல நாய்கள் தேறுகின்றன. எட்டு வயது தாண்டிய ஜேர்மன் ஷெப்பர்டில் நோவே இல்லாமல் மாதக் கணக்கில் மெல்ல மெல்லக் கால் போனால் அது முண்ணாண் தேய்கிற பரம்பரை நோய். அதற்கு மருந்து இல்லை. ஓட்டோவோ மோட்டார் சைக்கிளோ தட்டிய நாய் ஒரு முன்னங்காலை இழுத்துக்கொண்டு வந்தால் பலர் எலும்பு முறிவு என்றே நினைக்கிறார்கள். அக்குளுக்குள் நரம்புக் கற்றை பிய்ந்திருக்கலாம். அதே பக்கத்துக் கண்மணி சுருங்கியிருந்தால் வேரோடு பிய்ந்திருக்கிறது, அந்தக் கால் திரும்பி வருவது அரிது.

இனி, மணிக்கணக்கில் முழு உடம்பும் தளர்வது. நம் ஊரில் இதை மறந்துவிட்டு நரம்பைப் பற்றிப் பேச முடியாது. நிலாவெளி, சல்லி பக்கம் கரைவலை இழுத்த பிறகு விற்க முடியாத மீனை மணலில் எறிவார்கள், அதில் வயிற்றை ஊதிக்கொள்ளும் பேத்தை மீனும் இருக்கும். அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் இருக்கிற டெட்ரோடொக்சின் நரம்பில் செய்தி ஓடுவதையே நிறுத்திவிடும். நாய் வாந்தி எடுக்கும், தள்ளாடும், பிறகு அறிவு இருக்கும்போதே உடம்பு அசையாமல் போகும், மூச்சு நிற்கும். மாற்று மருந்து இல்லை. மூச்சைத் தாங்கிப் பிடித்தால் நஞ்சு இறங்கிய பிறகு பிழைக்கும். கடற்கரைக்கு நாயைக் கொண்டு போகிறவர்கள் கயிற்றோடு போங்கள். அடுத்தது பாம்பு. கட்டுவிரியன் இரவில் கடிக்கும், வீக்கம் இருக்காது, பல் பட்ட இடம்கூடத் தெரியாது. காலையில் நாய் இமை தொங்கி, குரல் மாறி, தலையைத் தூக்க முடியாமல் கிடக்கும். இரவு முற்றத்தில் கிடந்த நாய் விடியற்காலையில் இப்படி இருந்தால் நேரத்தைப் போக்காமல் ஓடுங்கள். தம்பலகாமம், கந்தளாய் வயல் பக்கத்தில் பூச்சிமருந்து இன்னொன்று: எச்சில் ஒழுகும், கண்மணி ஊசிமுனையாகும், தசைகள் துடிக்கும், மலசலம் தானாகப் போகும். இதற்கு அட்ரோபின் என்ற மருந்து உண்டு, அதுவும் நேரத்தோடு கிடைத்தால்தான். இவை எதிலும் பால், முட்டை, தேங்காய்ப்பால் என்று வாயில் ஊற்ற வேண்டாம். விழுங்க முடியாத நாய்க்கு அது நேரே நுரையீரலுக்குள் போகும்.

வலிப்புக்கு வருவோம். ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில் முதல் வலிப்பு வந்து, இடையிடையே நாய் முழுக்கச் சாதாரணமாக இருந்தால் பெரும்பாலும் அது பரம்பரை வலிப்பு. அதற்கு முன்னோ பின்னோ தொடங்கினால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்: குட்டியில் பூச்சியும் பசியும் சேர்ந்து சீனி இறங்கியிருக்கலாம், பால் கொடுக்கும் தாயில் கல்சியம் இறங்கியிருக்கலாம். குட்டி போட்டு இரண்டு மூன்று கிழமையில் விறைத்து நடுங்குகிற தாய்நாய்க்கு உடனே கல்சியம் ஏற்றினால் கண்முன்னே எழும்பும், தாமதித்தால் சாகும். வலிப்பு வரும்போது கையில் இரும்புச் சாவி வைக்கிற பழக்கம் நம்மில் மனிதருக்கு உண்டு, நாய்க்கும் வைத்துப் பார்த்த வீடுகள் இருக்கின்றன. சாவி ஒன்றும் செய்யாது. நாய் நாக்கை விழுங்காது, வாயில் கை விட்டால் உங்கள் விரல்தான் போகும். கூரான சாமான்களைத் தள்ளி வையுங்கள், போனில் வீடியோ எடுங்கள், நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், அல்லது ஒரே நாளில் மறுபடி மறுபடி வந்தால், அது அவசரம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வலிப்போடு சேர்ந்து உடம்புச் சூடும் ஏறிவிடும். ஈரத் துணியும் மின்விசிறியும் வையுங்கள். ஃபினோபார்பிட்டோன் என்ற வலிப்பு மருந்தைத் தொடங்கினால் முதல் இரண்டு கிழமை தள்ளாட்டமும் பசியும் தாகமும் இருக்கும், பிறகு குறையும். ஒரு வருடமாக வலிப்பில்லை என்று சொந்த யோசனையில் திடீரென்று நிறுத்தினால் முன்பைவிடப் பெரிய வலிப்பு வரலாம்.

வயது போன நாய் ஒரு காலையில் தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண் துடித்து, ஒரே பக்கமாக விழுந்து விழுந்து எழும்பினால் எல்லோரும் பாரிசவாதம் என்று முடிவு கட்டி, சாக ஊசி போட்டு விடுங்கோ என்று கேட்பார்கள். பெரும்பாலும் அது உட்காதுச் சமநிலைக் கோளாறு. மூன்று நாளில் குறையத் தொடங்கும், இரண்டு மூன்று கிழமையில் தலைச்சாய்வு மட்டும் கொஞ்சம் மிஞ்சலாம். காதில் சீழ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முதல் மூன்று நாளில் சாவைப் பற்றி முடிவெடுக்காதீர்கள்.

இனி, பக்கத்து வீட்டுக் குட்டி. கண்ணிலும் மூக்கிலும் பீளை, இருமல், கழிச்சல், கொஞ்சம் தேறின மாதிரி, பிறகு வாய் மெல்லுவது போல வலிப்பு, ஒரு கால் தூக்கத்திலும் தாளம் போடுவது போலத் துடிப்பு. நீங்கள் எழுதிய விபரத்துக்கு டிஸ்டெம்பர் என்றே படுகிறது. மனிதரின் சின்னமுத்து வைரசுக்கு உறவான வைரஸ் அது. நரம்புக்குப் போன பிறகு அதைக் கொல்லும் மருந்து இல்லை. பிழைத்த நாய்களில் சிலவற்றுக்கு அந்தத் துடிப்பு ஆயுள் முழுக்க இருக்கும், ஆனால் சந்தோஷமாக வாழும். உங்கள் நாய்க்கு வந்திருப்பது அது இல்லை என்றே நினைக்கிறேன். பீளையும் காய்ச்சலும் இல்லை, முதுகில் நோ இருக்கிறது, ஒவ்வொரு வருடமும் கூட்டு ஊசி போட்டிருக்கிறது.

அந்த வீட்டார் புதுக் குட்டி எடுக்க யோசிக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். எடுக்கலாம். டிஸ்டெம்பர் வைரஸ் நம் வெயிலில் தரையிலோ பாத்திரத்திலோ அதிக நேரம் தாங்காது. ஒரு வருடம் வரைக்கும் மண்ணில் கிடக்கக்கூடிய பார்வோ வைரஸ் வேறு கதை, செத்த குட்டிக்கு இரத்தக் கழிச்சலும் இருந்திருந்தால் அதையும் யோசிக்க வேண்டும். வீட்டில் வேறு நாய் இருந்தால்தான் டிஸ்டெம்பர் ஆபத்து. தேறிய நாய் சில மாதம் வரைக்கும் வைரசை வெளியேற்றலாம். புதுக் குட்டிக்கு ஆறு முதல் எட்டுக் கிழமையில் முதல் கூட்டு ஊசி, பிறகு மூன்று நாலு கிழமைக்கு ஒருமுறை, பதினாறு கிழமை தாண்டும்வரை. முதல் ஊசியோடு போதும் என்று நிறுத்துவார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி அந்த முதல் ஊசியை வேலை செய்ய விடாமலும் போகலாம், அதனால்தான் கடைசி ஊசி மிக முக்கியம். அது முடியும்வரை குட்டியைத் தெருநாய்களோடு விட வேண்டாம் என்று சொல்லுங்கள்.